முன்னாள் படைவீரர் மறைந்தபின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகைகள்: முதன்முறை விண்ணப்பிப்போருக்கான வழிகாட்டி

இந்திய ராணுவத்திலோ கடற்படையிலோ விமானப்படையிலோ பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் காலமானால் அவருடைய மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பது பெரும்பாலான வீடுகளில் தெரிந்த செய்தி. தெரியாமல் போவது அதற்கு அப்பால் உள்ளவை: இறந்த நாள்வரை சேர்ந்த ஓய்வூதிய நிலுவை, ஓய்வுக்குப் பின்னும் தொடர்ந்த குழுக் காப்பீட்டுத் தொகை, இரண்டாவதாகப் பார்த்த வேலையிலிருந்து வர வேண்டிய தனி ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்குமான உதவிகள், மருத்துவ வசதி. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஓர் அலுவலகம் தன் வேலையை முடித்துவிட்டு, அடுத்த அலுவலகத்துக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பும் என எதிர்பார்க்க முடியாது. எனவே எதை, எங்கே, எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது தெளிவாக அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்து, ஓய்வுபெற்றபின் இறந்தவர்களின் குடும்பத்தினருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. பணியில் இருக்கும்போதே உயிர்நீத்தவர்களுக்கான விதிகள் பல இடங்களில் வேறுபடுவதால், அவை தேவையான இடத்தில் மட்டும் குறிப்பிடப்படுகின்றன. மனைவி என்று இங்கே எழுதப்படும் இடங்களில், படையில் பணியாற்றியவர் பெண்ணாக இருந்தால் கணவர் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரத்தில் சேர்க்க வேண்டிய தாள்கள்

முதல் ஆவணம் இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் கட்டணமோ கூடுதல் விசாரணையோ இல்லாமல் முடிந்துவிடும். ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் ஆணை வரை போக வேண்டியிருக்கும். சான்றிதழில் இறந்தவரின் பெயர் ஓய்வூதிய ஆணையில் உள்ளபடியே இருக்கிறதா என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிட வேண்டும். துக்க வீட்டில் யாரோ ஓர் உறவினர் வாய்மொழியாகச் சொன்ன பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு அந்த ஒரு எழுத்துப் பிழைக்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

அடுத்து, பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, படையிலிருந்து விடுவிக்கும்போது தரப்பட்ட பணி விவரப் புத்தகமான டிஸ்சார்ஜ் புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் புத்தகம், இறந்தவர் மற்றும் மனைவி இருவரின் ஆதார், பான் அட்டைகள், மனைவியின் புகைப்படங்கள் ஆகியவற்றை ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும் படை எண், பதவி, பிரிவின் பெயர் ஆகிய மூன்றும்தான் இனி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் தேவைப்படுபவை. மூல ஆவணங்களை எவரிடமும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். சரிபார்ப்பதற்குக் காட்டலாம், கொடுப்பது நகலாகவே இருக்கட்டும்.

வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நடக்காது என்று பலர் நினைத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் அது கிடைக்கும்வரை மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கிறார்கள். அது தேவையற்ற தாமதம். மனைவியின் பெயர் ஓய்வூதிய ஆணையிலேயே குடும்ப ஓய்வூதியம் பெற உரியவர் என்று பதிவாகியிருந்தால், அந்த ஓய்வூதியத்தைத் தொடங்க வாரிசுச் சான்றிதழ் அவசியமில்லை. நியமனதாரர் (நாமினி) பெயர் இல்லாத வங்கி வைப்புகள், நிலுவைத் தொகைகள் போன்றவற்றுக்குத்தான் அது பின்னால் வேண்டியிருக்கும். ஆகவே இ-சேவை மையத்தில் அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு, ஓய்வூதிய வேலையை அதற்காகக் காத்திராமல் தொடங்கலாம்.

இறப்பைத் தெரிவித்தல்

முப்படை ஓய்வூதியங்கள் இப்போது ஸ்பர்ஷ் என்னும் இணைய அமைப்பின் வழியாகப் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்தால் வழங்கப்படுகின்றன. முன்பு வங்கிக் கிளையில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் அங்கேயே குடும்ப ஓய்வூதியம் தொடங்கும் வழக்கம் இருந்தது. ஸ்பர்ஷுக்கு மாற்றப்பட்டவர்களின் குடும்பங்கள் வங்கியில் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. ஸ்பர்ஷ் தளத்திலேயே இறப்பைத் தெரிவித்து, சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் அருகிலுள்ள பொதுச் சேவை மையத்திலோ, ஸ்பர்ஷ் சேவை மையமாகச் செயல்படும் வங்கிக் கிளையிலோ, சென்னைத் தேனாம்பேட்டையில் உள்ள பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலோ உதவி பெறலாம். ஒப்புதல் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளாமல் அங்கிருந்து எழுந்து வரக் கூடாது.

இதே வாரத்தில் இன்னும் இரண்டு இடங்களுக்குத் தகவல் போக வேண்டும். ஒன்று, உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஊரில் சைனிக் போர்டு என்று சொல்வது இதைத்தான். மற்றொன்று, இறந்தவர் பணியாற்றிய பிரிவில் பணிப் பதிவுகளைப் பராமரிக்கும் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்களுக்கு அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் பிரிவு), ஏ.எஸ்.சி. (வழங்கல் பிரிவு) ஆகியவற்றுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல்) பிரிவுக்குச் செகந்தராபாத், டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புக் காவல் படைக்குக் கண்ணூர். கடற்படையினரின் பதிவுகள் மும்பை மான்கூர்டிலும், விமானப்படையினரின் பதிவுகள் டெல்லி சுப்ரோதோ பார்க்கிலும் பராமரிக்கப்படுகின்றன. இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, படை எண்ணைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறந்த செய்தி அலுவலகத்துக்குச் சேரும்முன் அடுத்த மாத ஓய்வூதியம் வழக்கம்போல் கணக்கில் வந்து விழுந்துவிடும். அதை எடுத்துச் செலவழித்துவிட்டால் பிறகு அது திரும்பப் பிடிக்கப்படும். இறந்தவருடைய ஓய்வூதியம் அவர் இறந்த நாளோடு முடிந்து, குடும்ப ஓய்வூதியம் மறுநாளிலிருந்து தொடங்குகிறது என்பதுதான் விதி. இரண்டுக்கும் உள்ள கணக்கு நேராகும்வரை அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது. கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்திருந்த கூட்டுக் கணக்காக இருந்தால், மனைவி பெயர் ஓய்வூதிய ஆணையில் இருக்கும் பட்சத்தில், அதே கணக்கில் குடும்ப ஓய்வூதியத்தைப் பெறலாம். புதுக் கணக்கு திறந்தே ஆக வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது.

எவ்வளவு கிடைக்கும்

சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்பது, இறந்தவர் கடைசியாக வாங்கிய கணக்கில் கொள்ளத்தக்க ஊதியத்தில் 30 சதவீதம். அந்த ஊதியத்தில் அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவச் சேவை ஊதியம் போன்றவையும் சேரும். குறைந்தபட்சத் தொகை 2016 ஜனவரி 1 முதல் மாதம் 9,000 ரூபாய். இதன்மேல் அகவிலைப்படி தனி. ஆனால் ஓய்வுபெற்றவர் ஒப்பீட்டளவில் இளம் வயதில் இறந்திருந்தால், தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு 50 சதவீதம் என்ற உயர் விகிதத்தில் கிடைக்கும். இறந்த மறுநாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது இறந்தவர் உயிரோடிருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள், இவற்றில் எது முன்னதோ அதுவரை இந்த உயர் விகிதம் செல்லும். இறந்தவர் வாங்கிய ஓய்வூதியத்தை அது மிஞ்சக் கூடாது என்ற வரம்பும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. கணக்கில் கொள்ளத்தக்க ஊதியம் 45,000 ரூபாயாக இருந்த ஒருவர் 42 வயதில் ஓய்வுபெற்று 50 வயதில் இறந்தால், அவர் மனைவிக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு மாதம் 22,500 ரூபாயும், அதன்பின் 13,500 ரூபாயும், இரண்டிலும் அகவிலைப்படியும் சேர்த்துக் கிடைக்கும். அவரே 64 வயதில் இறந்திருந்தால் உயர் விகிதம் 3 ஆண்டுகளில் முடிந்திருக்கும். 70 வயதில் இறந்திருந்தால் முதல் மாதத்திலிருந்தே 30 சதவீதம்தான். படைவீரர்களில் பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வுபெற்று வந்துவிடுவதால் உயர் விகிதம் அவர்கள் குடும்பங்களுக்குப் பெரிய தொகை. ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் எந்த விகிதத்தில் வருகிறது என்பதை ஆணையில் பார்த்துவிட வேண்டும். உயர் விகிதம் முடியும் தேதியும் அதிலேயே அச்சாகியிருக்கும். அந்தத் தேதிக்குப்பின் தொகை குறைவது பிழையன்று என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் முதலியவற்றை அதற்கேற்பத் திட்டமிடலாம்.

பல ஆண்டுகளுக்குமுன் ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்கள் அந்தக் காலத்துச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டியதில்லை. ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2019 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் திருத்தப்பட்டது. பதவி, பிரிவு, பணிக்காலம் ஆகியவற்றுக்கேற்ப வெளியிடப்படும் அந்த அட்டவணைகள் குடும்ப ஓய்வூதியத்துக்கும் பொருந்தும். இறந்தவர் தம் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருந்தாலும், அதற்கான மாதப் பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தில் தொடராது.

இறப்புக்கான காரணம் படைப்பணியோடு தொடர்புடையதாக இருந்தால் விகிதம் மாறும். படைப்பணியால் நேர்ந்தது அல்லது படைப்பணியால் தீவிரமடைந்தது என்று ஏற்கப்பட்ட காரணத்தால் இறப்பு நேர்ந்தால் 60 சதவீதம் சிறப்புக் குடும்ப ஓய்வூதியமாகும். போர், எல்லைச் சண்டை, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை போன்றவற்றில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்துக்குக் கடைசி ஊதியத்துக்கு இணையான தொகையே தாராளக் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். பின்னது பணியிலிருக்கும்போது நேர்ந்த இறப்புகளைப் பற்றியது என்றாலும், முன்னது ஓய்வுபெற்றவர் குடும்பங்களுக்கும் சில சமயம் உரியதாகும். இறந்தவர் உடற்குறை ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார், அந்த ஓய்வூதியத்துக்குக் காரணமான அதே நோயாலோ காயத்தாலோ இறந்தார் என்றால், சாதாரண விகிதத்தை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். மருத்துவமனையின் இறப்புச் சுருக்கத்தில் இறப்புக்கான காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பழைய மருத்துவக் குழு அறிக்கையின் நகலுடன் ரெக்கார்டு ஆபீஸுக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கோரி எழுதுங்கள். மருத்துவமனைத் தாள்களை எரிச்சலில் தூக்கிப் போட்டுவிட்ட குடும்பங்கள் இந்த உரிமையை நிறுவப் படும் பாடு கொஞ்சமன்று.

பெயர் பொருந்தாத இடத்தில் எல்லாம் நின்றுவிடும்

குடும்ப ஓய்வூதியம் தாமதமாவதற்குப் பணப் பற்றாக்குறையோ விதிச் சிக்கலோ பெரும்பாலும் காரணமாவதில்லை. ரெக்கார்டு ஆபீஸில் ஒரு பெயரும் ஆதாரில் வேறொரு பெயரும் இருப்பதுதான் முதற்காரணம். நம் ஊர்ப் பெயர்முறை இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. படையில் சேர்ந்தவர் இருபத்தைந்து வயதில் கல்யாணமாகித் திரும்பிப்போய், மனைவி பெயரை லட்சுமி என்று மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த அம்மாவின் ஆதாரில் மகாலட்சுமி என்றும், முன்னெழுத்தாகத் தகப்பன் பெயரும், பான் அட்டையில் கணவன் பெயரும் இருக்கும். பிறந்த தேதியும் அப்படியே. படைப் பதிவில் வருடம் மட்டும் இருக்க, ஆதாரில் ஏதோ ஒரு ஜனவரி 1 போடப்பட்டிருக்கும்.

பிழை சிறிதா பெரிதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டலில் சிறு வேறுபாடு, முன்னெழுத்து முன்னும் பின்னும் இருப்பது போன்றவற்றுக்கு உறுதிமொழிப் பத்திரமும் இரு பெயரும் ஒருவருடையதே என்ற சான்றும் பொதுவாகப் போதுமானவையாக இருக்கும். அதைத் தயாரிக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். பெயரே வேறாக இருந்தால் ரெக்கார்டு ஆபீஸின் பதிவைத் திருத்தி, திருத்தப்பட்ட ஓய்வூதிய ஆணையைப் பெற வேண்டும். எந்தப் படிவம், எந்தச் சான்று என்பதை அவர்களே எழுத்தில் தருவார்கள். ஊரில் ஒருவர் சொன்னார் என்பதற்காக அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடும் செலவில் இறங்கிவிட வேண்டாம். அதற்குமுன் ரெக்கார்டு ஆபீஸின் பதிலைப் பெறுங்கள்.

திருமணமே பதிவாகாமல் விடுபட்டிருந்தால் வேலை கூடுதல். திருமணச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் மற்றும் பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல் என்று அந்த மணவாழ்வு தொடர்ந்து இருந்ததைக் காட்டும் எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். நல அலுவலகத்தின் விசாரணை அறிக்கை இதில் மிகுந்த எடையுள்ளது. முதல் மனைவி உயிருடனும் மணமுறிவு பெறாமலும் இருக்கும்போது இந்துத் திருமணச் சட்டத்துக்குட்பட்ட ஒருவர் செய்துகொண்ட இரண்டாவது திருமணம் செல்லாது. அந்த இரண்டாவது துணைக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைப்பது அரிது. அவருக்குப் பிறந்த பிள்ளைகளின் உரிமை அதனால் அழிவதில்லை.

கணவர் உயிரோடிருக்கும் வீடுகளில் இதைப் படிப்பவர்கள், இன்றே ஸ்பர்ஷ் கணக்கில் நுழைந்து, மனைவியின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், நியமனதாரர் ஆகிய நான்கும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். படைவீரரே தம் கையெழுத்தில் கேட்டால் எளிதாக முடியும் திருத்தம், அவர் இல்லாதபோது கைம்பெண் ஒருவர் தனியே நிரூபிக்க வேண்டிய வழக்காகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தே இத்தனை வீடுகளில் இது நடப்பதைப் பார்க்கையில், ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் இதையே முதல் பொருளாக வைக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

ஓய்வூதியத்துக்கு வெளியே உள்ள தொகைகள்

இறந்த நாள்வரை உள்ள ஓய்வூதியப் பாக்கி, திருத்த நிலுவை ஆகியவை வாழ்நாள் நிலுவை என்ற பெயரில் நியமனதாரருக்கு வரும். நியமனம் இல்லையென்றால் வாரிசுகள் கேட்க வேண்டும்; மேலே சொன்ன வாரிசுச் சான்றிதழ் உதவும் இடம் இது.

ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஓய்வுபெறும்போது ஒருமுறை பிடிக்கப்பட்ட தொகைக்கு ஈடாக, ஓய்வுக்குப் பின்னும் பல ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட காப்பீடு தொடர்கிறது. அந்தக் காலத்துக்குள் இறப்பு நேர்ந்திருந்தால் காப்பீட்டுத் தொகை நியமனதாரருக்கு உரியது. ஓய்வின்போது கொடுக்கப்பட்ட காப்பீட்டுச் சான்று பழைய டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக்கோடு கிடக்கும்; தேடி எடுங்கள். அது கிடைக்காவிட்டாலும் படை எண்ணைக் கொடுத்து ரெக்கார்டு ஆபீஸ் வழியாகக் கேட்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இதேபோன்ற தனித்தனி அமைப்புகள் உள்ளன. இறப்பு விபத்தால் நேர்ந்திருந்தால், ஓய்வூதியக் கணக்கு இருந்த வங்கியிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாதுகாப்புப் படையினருக்கென வங்கிகள் வைத்துள்ள சிறப்புக் கணக்குத் திட்டங்களில் பல, ஓய்வூதியர்களுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு தருகின்றன. இவற்றுக்குக் கோரிக்கை வைக்கும் கால வரம்பு குறுகியது. முதல் தகவல் அறிக்கை, உடற்கூறு ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் காவல் நிலையத்திலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் உடனே பெற்றுவிட வேண்டும்.

இரண்டாவது வேலை

நாற்பது வயதில் சீருடையைக் கழற்றியவர் அதற்குப்பின் சும்மா இருந்திருக்க மாட்டார். ரயில்வே, அஞ்சல் துறை, அரசுடைமை வங்கி, மாநில அரசு அலுவலகம், டி.எஸ்.சி., தனியார் காவலர் பணி என்று எங்காவது இன்னொரு இருபது ஆண்டு உழைத்திருப்பார். இந்த இரண்டாவது உழைப்பின் பலனைக் கேட்கத் தவறுவதுதான் குடும்பங்கள் அடையும் மிகப் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

முன்பெல்லாம் ராணுவக் குடும்ப ஓய்வூதியமா, குடிமைப் பணியின் குடும்ப ஓய்வூதியமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 24 முதல் அந்தத் தடை நீங்கி, இரண்டு பணிக்கும் தனித்தனியே குடும்ப ஓய்வூதியம் பெறும் வழி திறந்தது. அந்தத் தேதிக்குமுன் கணவரை இழந்து, அன்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வாங்கிவரும் அம்மாக்கள் இன்னமும் இருக்கிறார்கள். மற்றொன்றைக் கேட்டு இப்போது விண்ணப்பிக்கலாம். நிதிப்பலன் அந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும். இரண்டாவது பணியின் ஓய்வூதிய ஆணை, அங்கு விருப்பம் தெரிவித்த கடிதம் கிடைத்தால் அது, ராணுவ ஓய்வூதிய ஆணை ஆகியவற்றோடு ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும்.

தனியார் நிறுவனத்தில் காவலராகவோ ஓட்டுநராகவோ மேற்பார்வையாளராகவோ இருந்து, வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட்டிருந்தால் மூன்று உரிமைகள் உள்ளன. சேர்ந்த வைப்பு நிதி முதலாவது. 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான மாத ஓய்வூதியம் இரண்டாவது. வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய தொகை மூன்றாவது. ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வாங்குவது இவற்றில் எதற்கும் தடையன்று. சம்பளச் சீட்டிலோ கைப்பேசிக் குறுஞ்செய்தியிலோ இருக்கும் வைப்பு நிதிக் கணக்கு எண்ணைத் தேடி எடுங்கள். இறந்தவரின் கைப்பேசி எண்ணை எல்லா வேலைகளும் முடியும்வரை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.

மனைவி இல்லாதபோது யாருக்கு

மனைவி வாழ்நாள் முழுவதும், அல்லது மறுமணம் செய்துகொள்ளும்வரை பெறுவார். குழந்தையில்லாத கைம்பெண் மறுமணம் செய்துகொண்டாலும், அவருடைய சொந்த வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் மற்றும் அதன் அகவிலைப்படிக்குள் இருக்கும்வரை தொடர்ந்து பெறலாம். அவருக்குப்பின் 25 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத, சம்பாதிக்காத பிள்ளைகள் வயது வரிசைப்படி பெறுவார்கள். உடலாலோ மனத்தாலோ குறைபாடுடையவரும் தாமே பிழைக்க இயலாதவருமான பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் உண்டு. இவர்களுக்குப் பின்னரே 25 வயது கடந்த திருமணமாகாத, கணவனை இழந்த, மணமுறிவு பெற்ற மகள்களின் முறை வரும். கணவனை இழந்த மகள், பெற்றோர் உயிருடன் இருந்தபோதே அந்நிலைக்கு ஆளாகியிருக்க வேண்டும். மணமுறிவு வழக்கும் பெற்றோர் காலத்திலேயே தொடுக்கப்பட்டிருக்க வேண்டும், தீர்ப்பு பின்னால் வந்தாலும் குற்றமில்லை. மனைவியோ பிள்ளைகளோ உரிமையுடையவராக இல்லாதபோது சார்ந்து வாழும் பெற்றோர் பெறலாம்.

குறைபாடுடைய பிள்ளை உள்ள பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரை மருத்துவச் சான்றுடன் ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிட வேண்டும். தாய் தந்தை இல்லாத நாளில் அந்தப் பிள்ளை வரிசையில் நின்று தன் குறைபாட்டைத் தானே மெய்ப்பிக்கும் நிலை வரக் கூடாது.

ஓய்வூதியம் இல்லாதவர்களும் நல உதவிகளும்

பணிக்காலம் போதாமல் ஓய்வூதியமின்றி வந்தவர்களின் கைம்பெண்களுக்கும் வழி இருக்கிறது. ஹவில்தார் அல்லது அதற்கு இணையான பதவி வரை இருந்தவர்களின், 65 வயது நிறைந்த, ஓய்வூதியமற்ற கைம்பெண்களுக்கு மத்திய சைனிக் போர்டு வறுமை நிவாரணத் தொகை வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இது, 2025 நவம்பர் 1 முதல் பெறப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே உத்தரவில் பிள்ளைகளின் கல்வி உதவி ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும், மகளின் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாயாகவும் உயர்ந்தன. கல்வி உதவி இரண்டு பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரையும், முதுகலை படிக்கும் கைம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகளும் உண்டு. திருமண உதவி இரண்டு மகள்கள் வரை கிடைக்கும். கைம்பெண் தாமே மறுமணம் செய்துகொண்டாலும் உண்டு. திருமணம் முடிந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் கல்யாண வேலைகளுக்கு நடுவே மறந்துவிடக் கூடாது. கொடிநாளில் நாம் போடும் பணம்தான் இந்த உதவிகளுக்கு அடிப்படை.

தொழிற்கல்விப் படிப்பில் முதலாண்டு சேரும் பிள்ளைகள் பிரதமர் கல்வி உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் படிப்பில் சேர்வதற்கு அடிப்படைத் தகுதியான தேர்வில், அதாவது பிளஸ் டூ போன்றவற்றில், குறைந்தது 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். மாணவிக்கு மாதம் 3,000 ரூபாய், மாணவனுக்கு 2,500 ரூபாய். மாநில அரசின் உதவிகள் தனி. அவற்றின் தொகையும் நிபந்தனையும் அடிக்கடி மாறுவதால், நல அலுவலகத்தில் கைம்பெண் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் அன்றே அப்போதைய பட்டியலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அடையாள அட்டை கையில் வந்தபிறகு, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையையும் கேன்டீன் அட்டையையும் மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாதந்தோறும் மருந்து வாங்குபவர்கள் மருத்துவ அட்டையை முதலில் மாற்றட்டும்.

தொடங்கிய பின்னும் கிடைக்காதபோதும்

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலோருக்கு நவம்பரில், வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். ஆதார் வழியாக ஜீவன் பிரமாண் முறையில் கொடுப்பது எளிது. ரேகை தேய்ந்த முதியவர்களுக்குக் கைப்பேசியில் முகம் காட்டிச் செய்யும் முறை பொருந்தும். 80 வயது நிறைந்ததும் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40, 95இல் 50 சதவீதம், 100 வயதில் இரட்டிப்பாகும். பிறந்த தேதி பதிவில் இல்லாதவர்களுக்கு இந்த உயர்வு தானாக வராது என்பதால், மேலே சொன்ன தேதித் திருத்தம் இங்கேயும் பணமாகிறது. வருமான வரிக் கணக்கில் இது சம்பளமாகாது, பிற வருமானமாகும். பழைய வரிமுறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், புதிய வரிமுறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் குறைவானதைக் கழித்துக்கொள்ளலாம்.

விண்ணப்பம் அசையாமல் கிடந்தால், முதலில் ஸ்பர்ஷ் தளத்திலேயே குறைதீர்ப்பு மனுவைப் பதியுங்கள். அடுத்து, மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்புத் தளத்தில் அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பாதுகாப்புத் துறை அவ்வப்போது நடத்தும் ஓய்வூதிய அதாலத் என்னும் குறைதீர்ப்பு முகாம்களுக்கு நேரில் தாள்களோடு போனால், மாதங்களாக நின்ற கோப்புகள் அங்கேயே நகர்வதுண்டு. நடக்கும் தேதியை நல அலுவலகத்தில் கேட்டறியலாம். உரிமையே எழுத்தில் மறுக்கப்பட்டால், அந்த மறுப்புக் கடிதத்தின் தேதியைக் குறித்துவைத்து, காலம் கடத்தாமல் சென்னையிலுள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் அமர்வை அணுகலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இத்தீர்ப்பாயத்தில் படைவீரரின் மனைவியும் வாரிசுகளும் நேரடியாக மனு செய்யலாம். வழக்கறிஞரைச் சந்திக்கப் போகும்போது டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் நகல், அவற்றின் தபால் ரசீது, மறுப்புக் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.